கடலில் தூர் வாரியவர்கள்

தமிழ்த்துறைச் சிறப்பு மலரில் கப்பலைப் பற்றிக் கட்டுரையா என அன்பர்கள் வியக்கக்கூடும். வைகைக் கரையில் அமர்ந்துகொண்டு, முதுமை எய்திய கடற்படைக் கலங்களைப் பற்றி எழுத எமக்கு என்ன உரிமை உண்டு என்று கேட்பாரும் இருப்பர். உரிமை இருக்கிறதோ இல்லையோ, கடன் ஒன்று இருக்கிறது. அக்கடனைத் தீர்க்கும் பொருட்டே இதனை எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இளங்கலை வகுப்பில் மதுரைக்காஞ்சி நடத்திக்கொண்டிருந்தோம். நள்ளிரவிலும், மழை பெய்து தெருவெல்லாம் நீர் ஓடும் வேளையிலும் சோர்வின்றி மதுரையைச் சுற்றிவந்த ஊர்க்காவலரை மாங்குடி மருதனார் சிறப்பித்திருப்பதை விளக்கினோம். அப்போது தொண்டிப் பக்கத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, ஊரைக் காக்க ஆள் இருந்தது சரி. இந்த ஊருக்குப் பொருள் கொண்டுவந்த கப்பலின் வழியை யார் காத்தார்கள்?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. விடையும் தெரியவில்லை.

அன்று மாலை வெளிவீதி வழியாக வீடு திரும்புகையில் அக்கேள்வி எம்முடனேயே வந்தது. இன்று நாம் வெளிவீதி என வழங்கும் தெருக்கள், முன்னாளில் மதுரைக் கோட்டை மதிலும் அகழியும் இருந்த இடத்தைச் சார்ந்தவை. ஆங்கிலேய ஆட்சியில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, ஊர் விரிந்தது. மதில் போயிற்று, காவல் போகவில்லை. அது வேறிடத்திற்குப் பெயர்ந்தது. மதுரையின் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி கப்பலில் வருகின்றது. நம் நாட்டின் அயல்நாட்டு வணிகத்தில் எடையளவில் ஏறத்தாழ 95 விழுக்காடு கடல்வழியே நடைபெறுகின்றது. ஆகவே மதுரையின் வெளிவாயில் இன்று ஏறத்தாழ 140 கிலோமீட்டருக்கு அப்பால், தூத்துக்குடித் துறைமுகத்தின் முகப்பில் இருக்கின்றது எனல் மிகையன்று.

மாணவரின் கேள்விக்கு விடை எம் வீட்டிலேயே இருந்தது. எம் சின்னத்தா இந்தியக் கடற்படையில் மாலுமியாகப் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றி, 1996-இல் ஓய்வு பெற்றவர். அவற்றுள் பெரும்பகுதி ஒரு கண்ணிவாரிக் கப்பலில் கழிந்தது. பீரங்கியும் ஏவுகணையும் தாங்கிய பெருங்கப்பல்களைப் பற்றி உறவினர்கள் ஆர்வத்தோடு கேட்பர். இவர் தம் கப்பலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பேச்சை மாற்றிவிடுவர். யாமும் அவ்வாறே இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றிரவு முதன்முறையாக அமர்ந்து கேட்டோம்.

“தம்பி, நம்ம கண்மாயிலே தூர் வாருறோம்ல, அதைத்தான் நான் கடல்லே செஞ்சேன்” என்றார் சின்னத்தா.

மொழி பயிற்றும் எமக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. தூர் வாருதல், கண்ணி வாருதல் இரண்டிற்கும் வினை ஒன்றே. மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க்கரைச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர் அவர். கோடையில் ஊர் கூடிக் கண்மாயில் படிந்த வண்டலை வாருவதையும், நீர்பாய்ச்சி நீருக்குள் மூழ்கி மடையைத் திறப்பதையும் கண்ட கண்களுக்கு, கடலில் தாம் செய்த தொழில் புதிதாகத் தோன்றவில்லை போலும்.

கடற்கண்ணிவெடிகள் இரு பெரும் வகையின. கடலடியில் ஓர் எடையோடு வடத்தால் பிணைக்கப்பட்டு, நீரின் இடைமட்டத்தில் மறைந்து நிற்பது ஒன்று; கப்பல் முட்டினால் வெடிக்கும். தரையோடு தரையாகக் கிடப்பது மற்றொன்று. கப்பலின் காந்தப்புலம், இயந்திர ஓசை, நீரழுத்த மாற்றம் ஆகியவற்றை உணர்ந்து வெடிக்கும். முதல் வகையை அகற்றக் கண்ணிவாரிக் கப்பல் தன் பின்னே நீண்ட எஃகு வடத்தை அகல விரித்து இழுத்துச் செல்லும். வடத்தில் பொருத்திய வெட்டுக்கருவிகள் கண்ணியின் பிணைப்பை அறுக்கும். மேலே மிதந்து வருவதைச் சுட்டு அழிப்பர். இரண்டாம் வகைக்கு, பெருங்கப்பல் வருவதுபோன்ற காந்தப்புலத்தையும் ஓசையையும் இழுவைக் கருவிகளால் உண்டாக்கி, கண்ணியை ஏமாற்றி வெடிக்கச் செய்வர். சில கண்ணிகளோ, சில கப்பல்களைக் கடக்கவிட்டு அடுத்து வருவதன் கீழே வெடிக்குமாறு எண்ணிக்கை வைத்து அமைக்கப்பட்டவை. ஆதலால் ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் சென்று வர வேண்டும். “உழவு சால் பிசகாத மாதிரி போகணும். ஒரு சாலுக்கும் இன்னொரு சாலுக்கும் நடுவிலே இடம் விட்டா, நாம போனதே வீண்” என்பார் சின்னத்தா. கண்ணிக்குத் தன் இருப்பைக் காட்டிக்கொள்ளாதிருக்க, இக்கலங்களின் உடலை மரத்தாலோ, காந்தத் தன்மை குறைந்த எஃகாலோ, கண்ணாடியிழையாலோ கட்டுவது வழக்கம். எனவே நினைத்தவுடன் வேறொரு கப்பலை எடுத்து இத்தொழிலில் இறக்கிவிட முடியாது.

இத்தொழில் மக்கள் நினைவில் ஏன் நிற்பதில்லை என்பதற்கு நம் மொழியே சான்று. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ஜெர்மானியக் கப்பல் எம்டன். அதன் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. சூழ்ச்சியில் வல்லவனை ‘எம்டன்’ என்று இன்றும் சொல்கின்றோம். மூன்றாண்டுகளுக்குள் வேறொரு ஜெர்மானியக் கப்பல் நம் கடல்களுக்கு வந்தது. அதன் பெயர் வோல்ஃப். அது எந்த நகரையும் தாக்கவில்லை. கொழும்புக்கும் பம்பாய்க்கும் அருகே ஓசையின்றிக் கண்ணிகளை இட்டுச் சென்றுவிட்டது. 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு அருகே இரண்டு கப்பல்களும், அவ்வாண்டு ஜூன் 23-இல் பம்பாய்க்கு அருகே ‘மங்கோலியா’ என்னும் பயணிகள் கப்பலும் அக்கண்ணிகளால் மூழ்கின. வோல்ஃப் என்ற பெயர் எந்தத் தமிழர் நாவிலும் ஏறவில்லை. ஓசை செய்தது சொல்லாயிற்று. ஓசையின்றிக் கொன்றது மறக்கப்பட்டது. அவ்வாறாயின் ஓசையின்றிக் காத்தவரை யார் நினைப்பர்?

அத்தகையோர் நம் கடற்படையில் தொடக்கம் முதலே இருந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்டு இந்தியக் கடற்படையில் சேர்ந்த கண்ணிவாரிக் கலங்களுள் ‘மெட்ராஸ்’ ஒன்று, ‘பெங்கால்’ மற்றொன்று. 1942 நவம்பர் 11 அன்று, டச்சு எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்குத் துணையாகச் சென்றுகொண்டிருந்த பெங்கால், தன்னினும் பன்மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியப் போர்க்கலங்களை எதிர்த்து நின்றது. அவற்றுள் ஒன்று மூழ்கியது. பெங்கால் கரை சேர்ந்தது. விடுதலைக்குப் பின்னர், 1950-களில் பிரிட்டனிலிருந்து மர உடல் கொண்ட கண்ணிவாரிகள் வந்தன. அவற்றுள் ஒன்று நம் ‘கடலூர்’ என்னும் பெயர் பெற்றது. பின்னர் 1978 முதல் 1988 வரை சோவியத் நாட்டில் கட்டப்பட்ட பன்னிரண்டு கலங்கள் வந்து சேர்ந்தன. பாண்டிச்சேரி, போர்பந்தர், பேடி, பாவ்நகர், ஆலப்புழை, ரத்னகிரி, கார்வார், கண்ணனூர், கடலூர், காக்கிநாடா, கோழிக்கோடு, கொங்கண் என்பன அவற்றின் பெயர்கள். பெரும்பாலும் சிறு துறைமுகங்களின் பெயர்கள் இவை. எத்துறைமுகங்களின் வாயிலைக் காக்க வேண்டுமோ அவற்றின் பெயரையே சூட்டிய பொருத்தத்தை எண்ணி மகிழ்கின்றோம்.

கலங்களுக்கும் முதுமை உண்டு. உவர்நீர் எஃகை அரிக்கும். கட்டிய நாடே 1991-இல் சிதறிய பின்னர் உதிரி உறுப்புகளைத் தேடிப் பெறுவதும் எளிதன்று. ஒன்றன்பின் ஒன்றாக அவை விடைபெற்றன. 2018 மார்ச்சில் ஐ.என்.எஸ். கடலூர் விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. 2019 ஏப்ரல் 13-இல் ஐ.என்.எஸ். கோழிக்கோடும் விடைபெற்றது. அதனோடு இந்தியக் கடற்படையில் கண்ணி வாருவதற்கென்றே கட்டப்பட்ட கலம் ஒன்றும் இல்லாத நிலை ஏற்பட்டது.

முதுமை குற்றமன்று. முதியவர் போகும் முன் இளையவரை ஆயத்தம் செய்யாமையே குற்றம். இப்பன்னிரண்டுக்கும் மாற்றுக் கலங்கள் தேவை என்பது முன்னரே உணரப்பட்டிருந்தது. தென்கொரிய நிறுவனம் ஒன்றின் துணையோடு அவற்றைப் பெறும் முயற்சி 2014-இல் ஒருமுறையும், கோவா கப்பல் கட்டும் தளத்தில் கட்டும் முயற்சி 2018-இல் மற்றொருமுறையும் கைவிடப்பட்டன. 2025 ஜூலை 3-இல்தான் பாதுகாப்புக் கொள்முதல் குழு, உள்நாட்டிலேயே புதிய கண்ணி எதிர்ப்புக் கலங்களைப் பெறுவதற்குக் கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது. கொள்கை ஒப்புதலுக்கும் கப்பல் நீரில் மிதப்பதற்கும் இடையே ஒப்பந்தம், வரைவு, கட்டுமானம், சோதனை எனப் பல ஆண்டுகள் உள்ளன.

கரையோரக் காவல் கலங்களின் நிலை இத்துணைக் கவலைக்கு உரியதன்று என்பதையும் நடுவுநிலையோடு கூற வேண்டும். பழைய அஜய், அக்‌ஷய் ஆகியவை முறையே 2022 செப்டம்பரிலும் ஜூனிலும் ஓய்வு பெற்றன. ஆழமற்ற கடலில் நீர்மூழ்கிகளைத் தேடும் புதிய வரிசையின் முதற்கலமான அர்னாலா 2025 ஜூன் 18-இலும், மாஹே 2025 நவம்பர் 24-இலும் பணியில் சேர்ந்தன. மாஹே என்பது 1980-களில் வந்த கரையோரக் கண்ணிவாரி ஒன்றின் பெயரும் ஆகும். பெயர் மீண்டும் கடலுக்கு வந்தது. பழைய தொழில் வரவில்லை. புதிய கலங்களுக்குரிய பணிகளுள் கண்ணி இடுதல் உண்டு, வாருதல் இல்லை. ஓய்வு பெற்ற ரோந்துக் கலங்களுக்கு வேறு வாழ்வும் அமைவதுண்டு. நம் ‘சரயு’ 2000-இல் இலங்கைக் கடற்படைக்குச் சென்று ‘சயுர’ ஆயிற்று. ‘தில்லன்சாங்’ 2006-இல் மாலத்தீவுக்குச் சென்றது. முதியவரை அண்டை வீட்டார் மதித்து அழைத்துக்கொள்வது போன்றது அது. ஆனால் அழைத்தவர் வீட்டில் காவல் வலுப்பெறும்போது, அனுப்பியவர் வீட்டு வாயில் திறந்து கிடக்கலாகாது.

காலம் மாறிவிட்டது, இனிக் கண்ணிவாரிக் கப்பல் எதற்கு என்று கேட்பவர் உளர். அக்கேள்வியில் உண்மையும் உண்டு. மனிதரைக் கண்ணியின் அருகே கொண்டு செல்லாமல், ஆளில்லாக் கலங்களை முன்னே அனுப்பி, தாய்க்கப்பல் தொலைவில் நிற்பதே இன்றைய முறை. பெல்ஜியமும் நெதர்லாந்தும் அவ்வகைக் கலங்களைக் கட்டி வருகின்றன. பஹ்ரைனில் நெடுங்காலம் இருந்த தன் பழைய கண்ணிவாரிகளை அமெரிக்கா 2025 செப்டம்பரில் ஓய்வுபெறச் செய்தது. விசாகப்பட்டினத்தில் உள்ள நம் கடற்படை ஆய்வகமும் கண்ணிகளைத் தேடும் சிறிய ஆளில்லா நீரடிக் கலங்களை உருவாக்கியிருப்பதை 2025 நவம்பரில் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் கருவி மாறலாம், தொழில் மாறுவதில்லை. மண்வெட்டி போய் இயந்திரம் வந்தாலும் கண்மாயின் தூரை யாரேனும் ஒருவர் வார வேண்டும். எங்கே ஆழம், எங்கே மடை என்பதை அறிந்த ஒருவர் கரையில் நின்று சொல்ல வேண்டும். கருவியை விலை கொடுத்து வாங்கலாம். கைப்பழக்கத்தை வாங்க முடியாது. அது ஒரு தலைமுறை பணியில் இருக்கும்போதே மறு தலைமுறைக்குக் கைமாற வேண்டும்.

இடையில் ஏற்பட்ட ஆண்டுகளில் ஒன்றும் நேரவில்லையே என்பது அடுத்த வாதம். இதுவே மிகவும் ஏமாற்றும் வாதம். ஒன்றும் நேராமல் இருப்பதே காவலின் பயன். காவல் இல்லாமலேயே ஒன்றும் நேராதிருப்பது இறைவனின் கருணை. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். 1988 ஏப்ரல் 14-இல் பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று கண்ணியில் மோதியது. அக்கண்ணி முதல் உலகப் போருக்கு முற்பட்ட அமைப்பினது; விலை மிகச் சிறிது. கப்பலைச் செப்பனிட ஏறத்தாழ 9 கோடி டாலர் செலவாயிற்று. போர் முடிந்தால் கண்ணியும் முடிந்துவிடும் என்பதும் இல்லை. 1971 போருக்குப் பின் வங்காளதேசத்தின் சிட்டகாங் துறைமுகத்தைத் தூய்மை செய்ய, சோவியத் கடற்படையினர் 1972 முதல் 1974 வரை உழைக்க நேர்ந்தது. அதுவரை ஒரு புதிய நாட்டின் வாயில் அச்சத்தோடுதான் திறந்து மூடிற்று.

எம் ஊர்க் கண்மாயிலும் இதே பாடத்தைக் கண்டோம். பல ஆண்டுகள் மழை பொய்த்தமையால் தூர் வாருவதும் மடையைப் பழுது பார்ப்பதும் நின்றன. நீரே இல்லாத கண்மாய்க்கு மராமத்து எதற்கு என்று நாங்கள் எல்லோருமே சொன்னோம். பின்னர் ஓர் ஐப்பசியில் மழை கொட்டிற்று. மடை திறக்கவில்லை; திறக்கத் தெரிந்த முதியவர் இரண்டாண்டுகளுக்கு முன்னரே காலமாகியிருந்தார். கரை உடைந்து கீழ்வயல்கள் மூழ்கின. எம் குடும்பத்து நிலமும் அவற்றுள் ஒன்று. யாரைக் குறை சொல்வது? தள்ளிப்போட்டவர்களுள் யாமும் இருந்தோம்.

கடலைப் பற்றிய கவலை நமக்குப் புறம்பானது என்று பெரியோர் எவரும் கருத வேண்டா. 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் தலைவராக அமர்ந்தவர், இம்மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். அச்சங்கத்திற்கு இரண்டு இலட்சம் ரூபாய் தந்து, 25 ரூபாய் வீதம் 8,000 பங்குகளை வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். தமிழ் வளர்த்த கையும் நம் சமுதாயத்தின் கையும் சேர்ந்து கப்பல் விட்ட வரலாறு அது. அக்கப்பலைப் பின்னாளில் காக்க முடியாமற்போன வருத்தமும் அவ்வரலாற்றின் பகுதியே. விடுவது ஒரு திறம்; விட்டதைக் காப்பது மற்றொரு திறம்.

வழியில் கிடக்கும் இடரை அகற்றுவதும் ஈமானின் கிளைகளுள் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். முள்ளையும் கல்லையும் எண்ணியே நாம் அதனைக் கேட்டுப் பழகியிருக்கின்றோம். பின்னால் வரும் முகமறியாத கப்பல் பாதுகாப்பாய்ச் செல்லட்டும் என்று தாம் முன்சென்று இடர் அகற்றியவர்களுக்கும் அப்போதனை பொருந்தும் என்றே எம் மனம் கூறுகின்றது. அவர்கள் வழிவிட்ட கப்பலில் எந்த நாட்டார், எந்தச் சமயத்தார் இருந்தனர் என்று அவர்கள் கேட்டதில்லை.

இனி எம் கடனுக்கு வருவோம். 2018-இல் கடலூர்க் கலம் ஓய்வு பெற்ற செய்தியைச் செய்தித்தாளில் படித்த சின்னத்தா, அத்தாளை மடித்து வைத்துவிட்டு, “தம்பி, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ. கப்பலும் போச்சு, நாங்களும் போயிட்டா யாருக்குத் தெரியும்?” என்றார். யாம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். பதினொரு பக்கங்கள் எழுதினோம். பின்னர் தேர்வுத்தாள் திருத்தம், கருத்தரங்கு, வீட்டு அலுவல் எனத் தள்ளிப்போட்டோம். 2024-இல் பக்கவாதம் அவருடைய பேச்சைப் பறித்துக்கொண்டது. நாடு தன் கலங்களுக்குச் செய்த தவற்றை யாம் எம் சின்னத்தாவுக்குச் செய்தோம். இக்கட்டுரையில் தொழிலைப் பற்றி வருவன அப்பதினொரு பக்கங்களில் எஞ்சியவையே.

சென்ற ஆண்டு ஜூலையில் புதிய கலங்களுக்கான ஒப்புதல் செய்தி வந்த நாளில் அதனை அவருக்குப் படித்துக் காட்டினோம். நெடுநேரம் அசையாதிருந்தார். பின்னர் இடக்கையை உயர்த்தி, வடம் சுற்றும் உருளையை மெல்லச் சுழற்றுவதுபோல் காற்றில் காட்டினார், நிறுத்தினார், தலையசைத்து மீண்டும் சரியாகக் காட்டினார். எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதைச் சொல்ல முயல்கிறார் என்பது மட்டும் எமக்குப் புரிந்தது. அதற்கு மேல் புரியவில்லை.

வகுப்பில் கேள்வி கேட்ட மாணவர் இன்று சரக்குக் கப்பல் ஒன்றில் பணிபுரிகின்றார். ஊருக்கு வரும்போதெல்லாம் சின்னத்தாவைக் காண வருவார். இருவரும் கையசைவால் பேசிக்கொள்வர். எம்மைவிட அவருக்கு அதிகம் விளங்குகிறது. சென்ற முறை வந்தபோது நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டார். சின்னத்தா அதனை உற்றுப் பார்த்து, ஓரிடத்தில் விரலை வைத்து, தவறு என்று தலையசைத்தார். மாணவர் அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலும் ஒரு தொழிலை அறிந்த முதியவர் ஒருவர் இருப்பார். அவர் பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.